நான்காம் கியரில் நிற்காத கார்: கியர் லீவரைக் குட்டையாக்கிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய கார், எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டு முன்சக்கரங்களால் இயங்கும் ஒரு சிறிய ஹேட்ச்பேக். ஐந்து கியர்களும் ரிவர்ஸும் கொண்ட அதன் கியர்பாக்ஸ் எஞ்சினை ஒட்டி முன்னால் இருப்பதால், ஓட்டுநரின் கையருகே உள்ள லீவரின் அசைவை இரண்டு கேபிள்கள் அங்கே கொண்டுசேர்க்கின்றன. லீவரின் பக்கவாட்டு அசைவைக் கடத்தும் கேபிள் எந்த வரிசை என்பதைத் தேர்ந்தெடுக்கும். முன்பின் அசைவைக் கடத்தும் கேபிள் அந்த வரிசையில் உள்ள கியரைப் போடும். ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவை முன்பக்கமும், இரண்டு, நான்கு ஆகியவை பின்பக்கமும் விழும். ரிவர்ஸ், முதல் கியருக்கு இடப்புறம் முன்பக்கமாக அமைந்திருந்தது. லீவரின் கழுத்தில் உள்ள வளையத்தை விரலால் தூக்கினால்தான் அந்த வரிசைக்குள் லீவர் நுழையும்.

உரிமையாளர் இந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கியவர். வாங்கும்போதே அது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. எஞ்சினிலோ கிளட்சிலோ அவருக்குக் குறை தெரியவில்லை. ஆனால் கியர் மாற்றும்போது லீவர் மிகத் தொலைவு போகிறது என்றும், போய்ச் சேரும் இடம் கைக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது தயக்கம் ஏற்படுகிறது என்றும் சொல்லிவந்தார். லீவரைக் குட்டையாக்கினால் இம்மூன்றும் தீரும் என்பது அவருடைய எண்ணம். லீவரின் தலையில் கை பிடிக்கும் இடத்துக்கு, எடை கூடிய ஒரு குமிழை முன்பே வாங்கிப் பொருத்தியிருந்தார். அது ஓரளவு பிடித்திருந்ததால் அடுத்த படிக்குப் போக விரும்பினார்.

முதல் பட்டறையில் செய்த மாற்றம்

லீவர் என்பது ஒரு நெம்புகோல். அதன் அடிப்பகுதியில் ஒரு பந்து, பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. பந்துக்கு மேலே உள்ளது கை பிடிக்கும் மேற்கை. பந்துக்குக் கீழே, கேபிள் மாட்டப்படும் முனை வரை உள்ளது கீழ்க்கை. குமிழ் எவ்வளவு நகர வேண்டும் என்பதை இவ்விரண்டின் நீள விகிதம் தீர்மானிக்கிறது. இந்தக் காரில் மேற்கை 260 மி.மீ., கீழ்க்கை 52 மி.மீ.; ஆகவே விகிதம் ஐந்துக்கு ஒன்று. கேபிள் 1 மி.மீ. நகர, குமிழ் 5 மி.மீ. நகர வேண்டும்.

உரிமையாளர் முதலில் அணுகிய பட்டறையில் மேற்கையின் நடுவில் 50 மி.மீ. வெட்டியெடுத்து இரு துண்டுகளையும் வெல்டிங் செய்தார்கள். கீழ்க்கையின் முனையில் ஒரு தகட்டைச் சேர்த்து, கேபிள் மாட்டும் இடத்தை 8 மி.மீ. கீழே இறக்கினார்கள். மேற்கை 210, கீழ்க்கை 60 என்றாகி, விகிதம் மூன்றரைக்கு ஒன்றாகக் குறைந்தது. இந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. லீவர் கூட்டை வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்ததும் சரியான செயல். பல கார்களில் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கன்சோலுக்கு அடியில், லீவருக்கு மிக அருகிலேயே இருப்பதால், அந்த இடத்தில் வெல்டிங் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்வது ஆபத்தானது.

ஆனால் தூரத்தைக் குறைத்தால் விசை கூடும் என்பதை யாரும் உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லவில்லை. குமிழின் பயணம் 30 விழுக்காடு குறைந்தபோது, கேபிளில் அதே இழுவையை உண்டாக்கக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 43 விழுக்காடு கூடியது. கை பழைய அழுத்தத்தையே கொடுத்தால் கியர்பாக்ஸுக்குப் பழைய விசையில் 70 விழுக்காடுதான் போய்ச் சேரும்.

வண்டியைத் திரும்ப எடுத்த நாள்களில் உரிமையாளர் மிகுந்த மனநிறைவுடன் இருந்தார். லீவர் குட்டையாகவும் இறுக்கமாகவும் இருப்பதாகச் சொன்னார். அந்த நிறைவு பொய்யானதன்று. அதன் காரணம் மட்டும் அவர் நினைத்ததாக இல்லை என்பது பின்னர் அளந்து பார்த்தபோது தெரிந்தது.

அடுத்தடுத்துத் தென்பட்ட கோளாறுகள்

முதலில் வந்தது உராய்வொலி. காலையில் எண்ணெய் சூடேறாத நிலையில் வேகமாக இரண்டாம் கியருக்கு மாற்றினால் பற்கள் கரகரத்தன. வண்டி சிறிது தூரம் ஓடிய பிறகு அது மறைந்துவிடும்.

அதன்பின் நான்காம் கியர் நிற்காமல் போனது. சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், லீவர் தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளி வந்தது. எப்போதாவது நடந்தது நாளடைவில் அடிக்கடி நடக்கத் தொடங்கியதால், உரிமையாளர் நான்காம் கியரில் ஓட்டும்போதெல்லாம் லீவரைக் கையால் பின்னுக்கு அழுத்திப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வந்திருந்தார். இது கவலைக்குரிய பழக்கம். கையின் அழுத்தம் கேபிள் வழியாகக் கியர்பாக்ஸுக்குள், ஸ்லீவ் என்னும் வளையத்தை நகர்த்திக் கியரோடு கோக்கும் கவையான ஃபோர்க் வரை போகும். ஃபோர்க் சுழலாமல் நிற்பது, அது பிடித்திருக்கும் ஸ்லீவோ சுழன்றுகொண்டே இருப்பது. இரண்டும் ஓயாமல் அழுத்தி உரசினால் ஃபோர்க்கின் முனைகள் தேயும்.

மூன்றாவதாக நடந்ததுதான் அவரை இரண்டாம் பட்டறைக்குக் கொண்டுவந்தது. ஏற்றமான சாலையில் நின்றிருந்தபோது, முதல் கியர் போட்டதாக எண்ணி அவர் கிளட்சை விட, கார் பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர் ரிவர்ஸ் விளக்கு எரிவதைப் பார்த்து ஹாரன் அடித்ததால் உடனே பிரேக்கை அழுத்திவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வளையத்தைத் தான் தூக்கவே இல்லை என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்தார்.

இரண்டாம் பட்டறையில் நடந்த ஆய்வு

இந்த ஆய்வின்போது நானும் உடனிருந்தேன். மூத்த மெக்கானிக் முதலில் ரிவர்ஸ் தடுப்பைத்தான் பார்த்தார். மற்ற இரண்டும் கியர்பாக்ஸுக்குக் கேடு செய்பவை, இதுவோ சாலையில் நிற்கும் மனிதருக்குக் கேடு செய்யக்கூடியது என்பதால் அந்த வரிசை சரியென்றே எனக்குப் பட்டது. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்து, வளையத்தைத் தொடாமல் லீவரை முதல் கியர் வரிசையிலிருந்து மேலும் இடப்புறம் சற்று அழுத்தி முன்னே தள்ளினார். பல முறை தடுப்பு தாங்கியது; சில முறை லீவர் அதைத் தாண்டி வழுக்கிப் போய், பின்னால் ரிவர்ஸ் விளக்கு எரிந்தது.

உறையை உருவியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. வளையத்தோடு சேர்ந்த பிளாஸ்டிக் குழல் ஒன்று லீவரின் மேல் வழுக்கி ஏறி இறங்கும். அதன் அடிநுனியில் உள்ள நாக்கு, லீவரின் அடிப்பகுதியைச் சூழ்ந்த பெட்டியான ‘வீட்டில்’ உள்ள படி போன்ற விளிம்பில் முட்டி லீவரைத் தடுக்கும். மேற்கையைக் குட்டையாக்கியபோது குழலையும் அதே அளவுக்கு வெட்டியிருந்தார்கள். ஆனால் வெல்டிங்கின் மேடு முழுதாகத் தேய்க்கப்படாமல் லீவரைச் சுற்றிப் புடைத்து நின்றதால், குழல் அதன் மேல் தட்டி, முழுவதும் கீழிறங்காமல் நின்றது. நாக்கின் நுனி மட்டுமே அந்தப் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது நான்காம் கியர். ஒரே ஒரு கியர் துள்ளினால் அந்தக் கியரின் பற்கள், ஃபோர்க், பந்தும் சுருளும் கொண்ட உள்தடுப்பு ஆகியவற்றில் சந்தேகம் எழுவது இயல்பு. கியர்பாக்ஸை இறக்கும் பேச்சும் எழுந்தது. இறக்குவதற்கு முன் வெளியே அளந்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதுதான் இந்த நிகழ்வின் திருப்பம்.

அளந்த முறை எளியது. மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியர் வரை குமிழ் நகரும் தூரத்தை ஒருவர் அளந்தார். அதே நேரத்தில் மற்றொருவர் எஞ்சின் அறையில், கியர்பாக்ஸின் மேல் கேபிள் இழுக்கும் இரும்புக் கை எப்போது அசையத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்துக் குறியிட்டார். கியர்பாக்ஸ் கை முழுத் தொலைவும் நகரக் கேபிள் 24 மி.மீ. நகர வேண்டும். ஆனால் கேபிளின் கியர்பாக்ஸ் முனையைப் பொதிந்திருக்கும் சிறு உறையான புஷ் தேய்ந்து 3 மி.மீ. ஆட்டம் கண்டிருந்தது, லீவர் திசை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த 3 மி.மீ. கியர்பாக்ஸை அசைக்காமலே வீணாகும். ஆக, 27 மி.மீ. பழைய லீவரில் இது குமிழில் 135 மி.மீ.; அதில் 15 மி.மீ. வெறும் ஆட்டம். உரிமையாளர் தொடக்கத்தில் சொன்ன தெளிவின்மை இதுதான். லீவரின் நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குட்டையாக்கிய லீவரில் அதே ஆட்டம் குமிழில் 10.5 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. ஆகவேதான் வண்டி இறுகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தேய்ந்த புஷ் அப்படியே இருந்தது; அது கைக்குத் தெரிவதுதான் குறைந்திருந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. புதிய விகிதப்படி 27 மி.மீ.க்குக் குமிழ் சுமார் 95 மி.மீ. நகர வேண்டும். அளந்தபோது 88 மி.மீ. மட்டுமே நகர்ந்தது. குமிழில் குறைந்த அந்த 7 மி.மீ., கேபிளில் 2 மி.மீ. ஆகும். கணக்கை விடக் குறைவாக நகரும் லீவர், கணக்கை விட நன்றாக அமைந்த லீவர் அன்று. எங்கோ முட்டி நிற்கும் லீவர். எஞ்சின் அறையிலிருந்து பார்த்தவரும், கியர்பாக்ஸ் கை மூன்றாம் பக்கம் முழுதாகப் போகிறது, நான்காம் பக்கம் முழுதாகப் போகவில்லை என்று உறுதிப்படுத்தினார். “சார், கியர் விழுது, ஆனா உட்கார மாட்டேங்குது,” என்று மெக்கானிக் உரிமையாளரிடம் சொன்னார்.

கூட்டைக் கழற்றியபோது, லீவர் வீட்டின் முன்சுவரில் பளபளப்பான உரசல் தடம் இருந்தது. குமிழ் பின்னே வரும்போது லீவரின் கீழ்முனை முன்னே போகும். அந்தச் சுவர் அடிப்பக்கத்தில் உள்நோக்கிச் சாய்ந்திருந்ததால், 8 மி.மீ. கீழே நீண்ட தகடு, கியர் முழுதாக உட்காரும் முன்னரே அதில் போய் முட்டியது. பின்பக்கம் விழும் இரண்டும் நான்குமே இதனால் பாதிக்கப்படும். முன்பக்கம் விழும் ஒன்று, மூன்று, ஐந்து, ரிவர்ஸ் ஆகியவற்றுக்குத் தடையில்லை. ரிவர்ஸ் தடுப்பைத் தவிர மற்ற கோளாறுகளும் அப்படியே இரண்டிலும் நான்கிலும் மட்டும் வந்திருந்தன.

ஸ்லீவின் பற்களும் கியரின் பற்களும் பக்கவாட்டில் சற்றுச் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். முழுதாகக் கோத்துக்கொண்ட நிலையில், சுமை ஏறும்போது அந்தச் சரிவு ஸ்லீவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பற்களின் நுனிகள் மட்டும் கோத்திருந்தால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது சுமையின் திசை மாறுகிற கணத்தில் ஸ்லீவ் வெளியே தள்ளப்படும். குட்டை லீவரைச் சுற்றிச் சுருண்டு கிடந்த தோல் உறையும் பின்னே போன லீவரைச் சற்றே முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

வேறு சிலவற்றையும் பார்த்தார்கள். வெல்டிங்கின் ஓரமாக மயிரிழை போன்ற ஒரு கீறல் தெரிந்தது. லீவரின் இரு எஃகுப் பகுதிகளுக்கு நடுவே அதிர்வைத் தாங்க அமைந்த ரப்பர், வெல்டிங் சூட்டில் கருகி இறுகியிருந்தது. கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று சோதித்தார்கள்: எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டால் பற்கள் கரகரக்கவில்லை; ஆகவே கிளட்ச் மீது குறையில்லை. கியர் எண்ணெயை வடித்தபோது அதில் பித்தளை நிறத் துகள் மெல்லிய மினுமினுப்பாகக் கலந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வெட்டப்பட்ட லீவரைத் திருத்திப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி முதலில் எழுந்தது. வெல்டிங் மேட்டைத் தேய்த்தால் ரிவர்ஸ் தடுப்பு சரியாகும். தகட்டின் ஓரத்தைச் செதுக்கினால் நான்காம் கியர் உட்காரும். செலவும் குறைவு. எனினும் கீறல் கண்ட ஒரு லீவரை, அதுவும் முன்னைவிட 43 விழுக்காடு கூடுதலான விசையைத் தாங்க வேண்டிய லீவரை, மேலும் தேய்த்து மெலிவாக்குவதற்கு மெக்கானிக் உடன்படவில்லை. ஓட்டும்போது கையோடு முறிந்து வந்தால் அந்தக் கணத்தில் எந்தக் கியரும் மாற்ற முடியாது என்றார். அந்த மறுப்பு முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து.

அந்த மாதிரிக்கென்றே தயாரித்து விற்கப்படும் குட்டை லீவர் கூட்டைப் பொருத்துவது இரண்டாவது வழி. அதில் பந்து, கீழ்க்கை, வீடு ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று பொருந்த வடிவமைக்கப்பட்டிருக்கும், முட்டுதல் இராது. ஆனால் விசை கூடுவது எந்தக் குட்டை லீவருக்கும் பொது. எண்ணெயில் பித்தளைத் துகளைப் பார்த்த பிறகு, கியர் விழும் முன் வேகங்களைச் சமமாக்கும் பித்தளை வளையமான சின்க்ரோ ரிங்கின் நிலை தெரியாமல், அதன் தேய்மானத்தை மேலும் கூட்டக்கூடிய மாற்றத்தைச் செய்வது முறையாகப் படவில்லை.

ஆகவே மூன்றாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது: அதே மாதிரியின் மாற்றமில்லாத லீவர் கூட்டைத் திரும்பப் பொருத்துவது, கேபிள் முனைப் புஷ்ஷைப் புதிதாக மாற்றுவது, கேபிள்களை மறுபடி சரிசெய்வது, தயாரிப்பாளர் குறித்த தரத்தில் புதிய எண்ணெய் ஊற்றுவது. இதன் பிறகும் உரிமையாளருக்கு நிறைவு ஏற்படவில்லையென்றால், மாற்றத்தைப் பற்றி அப்போது பேசலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கேபிள்களைச் சரிசெய்வதில் அவசரப்படவில்லை. லீவரை நியூட்ரலில் நிறுத்தி வீட்டின் துளையில் ஊசி செருகிப் பூட்டினார்கள். கியர்பாக்ஸ் பக்கத்தையும் அதற்குரிய நியூட்ரல் நிலையில் பூட்டினார்கள். இரு முனைகளும் அசையாமல் இருக்கும் நிலையில்தான் கேபிளின் நீளத்தை இறுக்கிவிட்டார்கள். லீவரைக் கையால் நடுவில் பிடித்துக்கொண்டு கண்ணளவில் இறுக்கினால், ஒரு பக்கக் கியர்கள் முழுதாக விழுந்து மறுபக்கக் கியர்கள் அரைகுறையாக நிற்கும் அதே கோளாறு, வெட்டாத லீவரிலும் வந்துவிடும்.

பின்விளைவு

வேலை முடிந்து அளந்தபோது மூன்றிலிருந்து நான்குக்குக் குமிழ் நகர்ந்த தூரம் சுமார் 123 மி.மீ. லீவரின் நீளம் தொழிற்சாலை அளவிலேயே இருந்தும், பழைய நிலையைவிட 12 மி.மீ. குறைந்திருந்தது. கியர்பாக்ஸ் கை இரு பக்கமும் முழுதாகப் போய் நின்றது. வளையத்தைத் தூக்காமல் ரிவர்ஸுக்குள் நுழைய எவ்வளவு தள்ளியும் முடியவில்லை.

உரிமையாளர் தொடக்கத்தில் தயங்கினார். குட்டை லீவருக்குப் பழகிய கைக்கு இது மறுபடி நீளமாகத் தெரிந்தது. ஆனால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது இருந்த தயக்கம் நீங்கிவிட்டதை அவரே சொன்னார். குமிழ் உயரமாக இருப்பதால் ஸ்டீயரிங்கிலிருந்து கை போய்வரும் தூரம் குறைந்திருப்பதையும் கவனித்தார்; லீவரை வெட்டும்போது யாரும் எண்ணிப் பார்க்காத கோணம் இது. எடை கூடிய குமிழ் வளையத்தைத் தூக்கும் விரலுக்கு இடையூறாக இருந்ததால் பழைய குமிழே திரும்ப வந்தது. நான்காம் கியர் அதன்பின் துள்ளவில்லை. மேற்கொண்டு குட்டையாக்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

குளிர்ந்த எண்ணெயில் இரண்டாம் கியரின் கரகரப்பு மட்டும் பெருமளவு குறைந்தும் முழுதாகப் போகவில்லை. இதற்குக் குட்டை லீவரைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடுவது நியாயமாகாது. சின்க்ரோ ரிங், தன் கூம்பு முகத்தின் உராய்வால் கியரின் வேகத்தையும் ஸ்லீவின் வேகத்தையும் சமமாக்குகிறது. அதற்கு ஆகும் நேரம், அதை அழுத்தும் விசையைப் பொறுத்தது. குட்டை லீவர் அந்த விசையைக் குறைத்து நேரத்தைக் கூட்டியது. ஓட்டுநரோ வேகமாக மாற்றினார். இவ்விரண்டும் சேர்ந்து தேய்மானத்தை விரைவுபடுத்தியிருக்கும். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கியர்பாக்ஸில் இரண்டாம் கியரின் ரிங் முன்பே தேய்ந்திருப்பதும் வியப்பன்று.

இனி இத்தகைய வேலையில் மாற வேண்டியவை

லீவர் நீளமாக இருக்கிறது என்று ஒருவர் வந்தால், வெட்டுவதற்கு முன் கியர்பாக்ஸ் முனையில் ஒருவரை நிறுத்தி, குமிழின் அசைவில் எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு ஆட்டமாக வீணாகிறது என்று பிரித்து அளக்க வேண்டும். ஆட்டத்தை நீக்கிய பிறகும் தூரம் மிகுதி என்று தோன்றினால்தான் விகிதத்தை மாற்றும் பேச்சுக்கு இடமுண்டு. அப்போதும் கூடும் விசையை எண்ணாகவே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும். “கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்” என்ற சொல் போதாது.

விகிதத்தை மாற்றிய எந்த லீவரையும் வண்டியை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு கியரிலும் இரு முனைகளிலிருந்தும் சோதிப்பது இரண்டு பேருக்குச் சில நிமிட வேலை. கணக்கிட்ட தூரத்தையும் அளந்த தூரத்தையும் ஒப்பிட்டு, அளந்தது குறைவாக இருந்தால் எங்கே முட்டுகிறது என்று தேட வேண்டும். இந்தச் சோதனையைக் கன்சோலும் தோல் உறையும் மாட்டிய பிறகு மீண்டும் ஒரு முறை செய்வது நல்லது, ஏனெனில் அவையும் லீவரைத் தடுக்கக்கூடியவை. ரிவர்ஸ் தடுப்பை, அதைத் தோற்கடிக்கும் எண்ணத்தோடு, எஞ்சின் ஓடாத நிலையில் பல கோணங்களில் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரைப் பொறுத்தவரை ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கரகரப்பு வளராமல் இருக்கும்வரை கியர்பாக்ஸைத் திறக்க வேண்டாம் என்றும், கிளட்ச் தட்டு மாற்ற வேண்டி வரும்போது எப்படியும் கியர்பாக்ஸ் கீழே இறங்கும் என்பதால், அப்போது இரண்டாம் கியரின் சின்க்ரோ ரிங்கையும், நாளெல்லாம் கையழுத்தம் வாங்கிய மூன்று-நான்கு ஃபோர்க்கையும் சேர்த்தே பார்த்துவிடுவது என்றும் உரிமையாளரும் மெக்கானிக்கும் முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரை காலையில் முதல் சில கிலோமீட்டர்களுக்கு இரண்டாம் கியரைப் பொறுமையாகப் போட்டு ஓட்டுகிறார்.